குப்பையில் கிடந்த ஊசி

காலையில் ஆஸ்பத்திரி வார்டைப் பெருக்க ஒரு அம்மா வருகிறார். குப்பைப் பையை அள்ளிக் கட்டுகிறார். சுருக்கென்று விரலில் ஏதோ குத்துகிறது. யாரோ போட்டுவிட்டுப் போன ஊசி! சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான்.

துடைத்தால் போதுமா? போதாது. ஊசியில் நோயாளியின் ரத்தம் ஒட்டியிருக்கும். அந்த ரத்தத்தில் கிருமி இருக்கலாம்.

எய்ட்ஸ் என்றால் எல்லோருக்கும் பயம். அதைவிட எளிதில் தொற்றுவது மஞ்சள் காமாலை பி கிருமி. இது கல்லீரலைக் கெடுக்கும். எய்ட்ஸ் கிருமி உள்ள ஊசிகள் 1000 பேரைக் குத்தினால் சுமார் 3 பேருக்குத் தொற்றும். பி கிருமி உள்ள ஊசிகள் குத்தினால், தடுப்பூசி போடாத 1000 பேரில் 300 பேருக்குக்கூடத் தொற்றலாம். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி 7 நாள் உயிரோடு இருக்கும்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. 3 முறை போட வேண்டும். முதல் ஊசிக்கு 1 மாதம் கழித்து இரண்டாவது. 6 மாதம் கழித்து மூன்றாவது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் அல்ல. குப்பை அள்ளுபவருக்கும் ஆஸ்பத்திரியே ஏற்பாடு செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கேட்டு வாங்கலாம். ஊசியைக் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்பதும் அதே விதிதான். பைக்குள் ஊசி வந்தது அந்த அம்மாவின் தவறா?

குத்திவிட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். விரலை வாயில் வைக்கக் கூடாது. திட்டுவார்களோ என்று மறைக்கவும் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. 28 நாள் சாப்பிட வேண்டும். 2 மணி நேரத்தில் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை.