பழைய காரும் புதிய ஒலியும்

ஒரு குடும்பத்திலே மோட்டார்க் கார் பத்து இருபது ஆண்டு நின்று உழைத்துவிட்டால், அதனை எளிதில் கைவிட எவருக்கும் மனம் வருவதில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கும், முதியோரை வைத்தியசாலைக்கும், எல்லாரையும் கோயில் திருவிழாவுக்கும் கொண்டுசென்ற வண்டி அது. மனம் வந்தாலும் பொருள் இடங்கொடுப்பதில்லை. இலங்கையில் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ருவரியிலேதான். அவ்வைந்து ஆண்டுகளில், உள்ள வண்டியைப் பேணி ஓட்டுவதே பல குடும்பங்களுக்கு ஒரே வழியாயிற்று.

இவ்வாறு பேணப்படும் வண்டிகளில் எந்திரம் நன்றாக ஓடும். இருக்கையும் குறையின்றி இருக்கும். வானொலி மட்டும் கரகரக்கும். நெடும் பயணத்திலே முன்னாசனத்தில் இருப்பவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். பின்னாசனத்து அப்பாச்சியோ, “சத்தம் கேட்கிறது பிள்ளை, சொல்லுத்தான் விளங்கவில்லை” என்பார். அவர் சொல்வதிலேதான் நோயின் குறி இருக்கின்றது. ஒலியின் அளவு வேறு, தெளிவு வேறு. பேச்சின் மெய்யெழுத்து ஓசைகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளிலே தங்கியிருப்பவை. பழுதடைந்த ஒலிபெருக்கி முதலில் இழப்பதும் பல வேளைகளில் அவற்றையே. ஆகவே, காரின் ஒலியமைப்பைப் புதுப்பிக்க எண்ணுபவர், கடையிலே எது பெரியது என்று கேட்பதற்கு முன்னர், வண்டியிலே எது குறைவு என்று அறிதல் வேண்டும்.

முதற் சோதனைக்குச் செலவில்லை. முன் பின் ஒலிப் பங்கீடும், இட வலப் பங்கீடும் நடுவில் உள்ளனவா என்று பார்க்கலாம். நான்கு ஒலிபெருக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தனித்து ஒலிக்கச் செய்து கேட்கலாம். வானொலி மட்டும் இரைந்து, கசற்றோ இறுவட்டோ தெளிவாக ஒலிக்குமாயின், குற்றம் ஒலிபெருக்கியில் இல்லை; ஏரியலிலோ அதன் அடியில் துருவேறிய இணைப்பிலோ இருத்தல் கூடும்.

யப்பானிலிருந்து வந்த ‘றீகண்டிஷன்’ கார்களுக்கு இன்னுமொரு குறை பிறவியிலேயே உண்டு. உலகின் பெரும் பகுதியிலும் இலங்கையிலும் எப். எம். ஒலிபரப்பு ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் நடைபெறுகின்றது. யப்பானிலோ அது 76 முதல் 90 வரை அமைந்தது. 90 இலிருந்து 108 வரையுள்ள இடத்தை அந்நாடு தன் பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளுக்குக் கொடுத்திருந்தமையே காரணம். அத்தொலைக்காட்சி முறை 2011, 2012 ஆம் ஆண்டுகளில் முடிவுற்ற பின்னரே அங்கு எப். எம். எல்லை 95 வரை நீண்டது. ஆகையால் அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய வானொலி, இலங்கை நிலையங்களிற் பெரும்பாலானவற்றைப் பிடிக்க மாட்டாது.

இதற்கு மாற்றாகப் பலர் ‘எக்ஸ்பாண்டர்’ எனும் சிறு பெட்டியை ஏரியல் வழியில் பொருத்துவர். அது வரும் அலையின் மீடிறனை ஒரே அளவினாற் குறைத்து வானொலிக்குக் கொடுக்கும். 16 மெகாஹேட்ஸ் குறைக்கும் பெட்டியாயின், 104 இல் உள்ள நிலையம் முகப்பில் 88 என்று தோன்றும். ஆயின் வானொலி 76 இலிருந்து 90 வரையே செல்லும். எனவே அதிலே 92 முதல் 106 வரை உள்ளவையே அகப்படும். எஞ்சிய நிலையங்கள் எட்டா. மலிவான பெட்டிகளில் இரைச்சலும் கூடும். இலங்கையின் முழு எல்லையையும் பிடிக்கும் புதிய வானொலிப் பெட்டியைப் பொருத்துவதே இதற்குச் செவ்வையான பரிகாரம்.

பெட்டியைத் தெரிவதில் அளவு முதலாவது. உலக வழக்கில் முகப்பு 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உடையது. இரட்டைப் பெட்டியின் உயரம் 100 மில்லிமீற்றர். தொயோற்றா வண்டிகள் பலவற்றில் இடத்தின் அகலம் 200 மில்லிமீற்றர் ஆகையால், இரு பக்கத்திலும் எஞ்சும் வெளியை மறைக்கச் சட்டங்கள் விற்பனைக்கு உண்டு.

அடுத்தது வயர் இணைப்பு. வண்டியோடு வந்த இணைப்பியை வெட்டி எறிதல் கூடாது. அதற்குப் பொருந்தும் இடை இணைப்பி சிறு விலைக்குக் கிடைக்கும். அதனைப் பயன்படுத்தினால் பழைய பெட்டியை என்றும் திரும்பப் பூட்டலாம். கடையில் வாங்கும் பெட்டிகளிற் பெரும்பாலும் மஞ்சள் வயர் எந்நேரமும் மின் பெறுவது. அது நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பும்போது மின் பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு சேர்வது. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், சாவியை எடுத்த பின்னரும் பெட்டி மின் குடித்துக்கொண்டிருக்கும். சில நாள் ஓடாமல் நின்ற வண்டியின் பற்றரி இறங்கிவிடும். வண்டியின் பக்கத்து வயர் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவன ஆகையால், அவற்றை மானி கொண்டு அளந்தே அறிதல் வேண்டும்.

மிகப் பழைய வண்டிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களிற் பல, பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்தவை. இன்றைய பெட்டி எதிர்முனை உடலோடு சேர்ந்த வண்டிக்கே ஆனது. ஆராயாமற் பூட்டினால் அக்கணமே பழுதாகும். இரண்டாவதாக, பழங்கால வானொலிகள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு வயர் வண்டி உடலிலே முடிந்தது. இன்றைய பெட்டிகளில் இரு வயரும் மின்னுடையவை. இரண்டும் நேரே பெட்டிக்கு வருதல் வேண்டும்.

இனி ஒலிபெருக்கி. கடதாசிக் கூம்பும் அதன் விளிம்பிலுள்ள நுரைப்பொருளும் வெயிலாலும் ஈரத்தாலும் உக்கிப்போகும். கதவிலே மழைநீர் வடிகின்ற இடத்தில் இருப்பதால் அவற்றின் ஆயுள் இன்னும் குறையும். விளிம்பு கிழிந்த ஒலிபெருக்கிக்கு எத்தனை வலிய பெட்டியைப் பூட்டினாலும் பயனில்லை. செலவு செய்யத்தக்க இடம் இதுவே. அப்பாச்சிக்குச் செய்தி விளங்க வேண்டுமாயின், உயர்ந்த ஓசைகளுக்கெனத் தனிச் சிறு ஒலிபெருக்கி உடைய முன் சோடி ஒன்றே முதலில் போதும். பின் சோடியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியின் முகப்பில் ‘50 உவாற்று, நான்கு’ என்று பொறித்திருப்பதைக் கண்டு மயங்குதல் வேண்டா. எந்திரம் ஓடும்போது வண்டியில் உள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. காரின் ஒலிபெருக்கி வழக்கமாக 4 ஓம் தடை உடையது. 14.4 ஐ அதனாலேயே பெருக்கி 4 ஆல் வகுத்தால் 52 உவாற்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒலி முற்றாகச் சிதைந்த நிலையில் கிடைக்கும் உச்சம் அது. சிதைவின்றிக் கிடைப்பது அதிற் பாதிக்கும் குறைவு. நடைமுறையில் ஏறத்தாழ 20 உவாற்று. குடும்பக் காருக்கு அது தாராளம். மேலும், உவாற்றை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். 3 டெசிபெல் கூடிய உணர்திறன் உள்ள ஒலிபெருக்கியை வாங்கினால், அதே பயன் மின் செலவின்றிக் கைகூடும். இவ்வெண் ஒலிபெருக்கியின் பெட்டியிலே அச்சிடப்பட்டிருக்கும்.

பூட்டும்போது நேர் எதிர் முனைகளைக் கவனித்தல் வேண்டும். இட வல ஒலிபெருக்கிகளில் ஒன்று மாறிப் பூட்டப்பட்டால், ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றையது பின்னே செல்லும். தாழ்ந்த ஓசை மங்கிவிடும். முனை தெரியாத வயரைப் பெட்டியினின்றும் கழற்றிவிட்டு, 1.5 வோல்ற்று டோர்ச் பற்றரியைக் கணம் தொடுத்துப் பார்க்கலாம். கூம்பு வெளியே வந்தால், பற்றரியின் நேர்முனை தொட்ட வயரே நேர் வயர். கதவின் உட்புறத்தில் உள்ள பிளாஸ்டிக் விரிப்பையும் கிழித்தெறிதல் கூடாது. மழைநீர் உள்ளே வராமற் காப்பது அது.

இவையெல்லாம் செய்தும் போதாதென்று கருதுபவரே தனி அம்பிளிபயரை நாடலாம். அங்கேதான் உயிருக்கு ஆபத்தும் தொடங்குகின்றது. 200 உவாற்று ஒலிச் சத்தியை வெளிவிடும் பழைய வகை அம்பிளிபயர், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 30 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். இதற்குத் தடித்த வயர் ஒன்றைப் பற்றரியிலிருந்து நேரே கொண்டுவருவர். அவ்வயர் எந்திர அறையின் தகட்டுத் துளையினூடு வரும்போது, வண்டியின் அதிர்வினால் அதன் உறை தேய்ந்து தகட்டைத் தொடுமாயின், நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் பாயும். வயர் கணத்திலே பழுக்கக் காய்ந்து, அருகில் உள்ள விரிப்பையும் பிளாஸ்டிக்கையும் பற்றவைக்கும். ஆகவே துளையில் றப்பர் வளையமும், பற்றரியிலிருந்து 45 சென்றிமீற்றருக்குள் உருகி ஒன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும். உருகி காப்பது வயரை. அது அம்பிளிபயரின் அருகே இருந்தால், அதற்கு முன்னுள்ள வயருக்குக் காவல் இல்லை. உருகி எரிந்துபோனால் பெரிய உருகியையோ செப்புக் கம்பியையோ வைத்து ஓட்டுபவர், வீட்டாரை ஆபத்தின்மேல் அமர்த்துகின்றார். வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் எல்லா வேலைக்கும் பொது விதி.

இறுதியாகச் செவியையும் எண்ணுதல் வேண்டும். காதிலணியும் கருவிகளுக்கென உலக சுகாதார தாபனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018 இல் வகுத்த நியமம், வளர்ந்தோர்க்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபெல் என்றும், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்றும் வரம்பு கூறுகின்றது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் பொறுக்கத்தக்க நேரம் பாதியாகும். மூடிய காருக்குள்ளும் செவி அதே செவிதான். அம்புலன்ஸ் வண்டியின் ஒலியும், புகையிரதக் கடவையின் மணியும் ஓட்டுபவருக்குக் கேட்கவும் வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதனை எளிது. கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை வழக்கமான வேகத்தில் ஓட்டி, வானொலியை இருவர் பேசும் குரலளவில் வைத்துச் செய்தியைக் கேட்கச் செய்தல் வேண்டும். பின்னாசனத்து அப்பாச்சி, கூட்டச் சொல்லாமல், கேட்ட செய்தியைத் திருப்பிச் சொல்வாராயின், செலவழித்த பணம் வீண்போகவில்லை.