பரம்பரையில் வந்த அமெரிக்கப் பெயர்

கனடாவிலே வாழும் என் மருமகன் சென்ற ஆண்டு எனக்கொரு கடிதம் எழுதியிருந்தான். எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதலேட்டில் எழுதப்பட்டுள்ள பெயர்களை அவன் ஊருக்கு வந்திருந்தபோது படம்பிடித்துச் சென்றான். அவற்றுள் என் பாட்டனாரின் பாட்டனார் பெயர் முழுவதும் அமெரிக்கப் பெயராயிருந்தது. அதே பெயருடைய பாதிரியார் ஒருவர் அக்காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்தாரென்பதையும் அவன் கண்டுபிடித்துவிட்டான். "மாமா, எங்கள் உடம்பிலே அமெரிக்க இரத்தம் ஓடுகிறதா?" என்பது அவன் வினா.

நகைக்க எனக்கு மனம் வரவில்லை. இளமையில் நானும் அவ்வாறே எண்ணி உள்ளூரப் பெருமைப்பட்டவன்.

1815ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நியூபரிபோட் துறையிலிருந்து கப்பலேறிய அமெரிக்க மிஷனரிமார் மறு ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கி விடுதிப் பள்ளிகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. ஒரு பிள்ளையின் உணவு, உடை, கல்வி ஆகியவற்றுக்காக ஆண்டுதோறும் பணம் அனுப்பும் அமெரிக்கத் திருச்சபையோ, சங்கமோ, தனியொருவரோ அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்பது அன்றைய வழக்கு. தம் ஊர்ப் போதகர், தாம் போற்றிய பெரியார், காலஞ்சென்ற உறவினர் என இன்னோர் பெயர்களெல்லாம் கடல் கடந்து வந்து வலிகாமத்துச் சிறுவர்மேல் அமர்ந்தன.

1841இல் தோன்றிய 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்போர். இருவரும் தமிழரே! 'பாவலர் சரித்திர தீபகம்' தந்த ஆனல்ட் சதாசிவம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரும் இவ்வழி வந்தவர்களே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் கதை இன்னும் சுவையானது. அவர் நடத்திய பாடசாலையே பின்னர் சைவர் கையேற்க, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

வமிசாவளி தேடுவோர் வழுக்கி விழும் இடமும் இதுவே. நதானியல் நைல்ஸ் என்ற தமிழ்ப் போதகர் ஒருவர் இங்கே பணியாற்றினார். அப்பெயருடைய அமெரிக்கர் ஒருவரோ, 1741இல், அந்நாடு பிரித்தானியக் குடியேற்றமாயிருந்த காலத்தில், றோட் ஐலண்டிலே பிறந்தவர். போதகர், நீதிபதி, காங்கிரஸ் அங்கத்தவர் எனப் பல துறைகளில் விளங்கியவர். விடுதலைப் போர்க்காலத்தில் அவர் இயற்றிய பாட்டு வீரர் நாவிலே நடமாடிற்று. இத்தகைய ஒருவரைப் பாட்டனாக்கிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றாகாது. பெயர் வந்த வழி வேறு. குருதி வந்த வழி வேறு.

மெய்யான குருதியுறவைத் தேடுவதாயின் அமெரிக்கரே உடுவிலுக்கு வரவேண்டும். 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்சுலோ அம்மையார் 1833இல் அவ்வூரிலேயே காலமானார். அமெரிக்க வெளிநாட்டமைச்சராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலசுக்கு அவர் பூட்டியார். ஒரு வல்லரசின் அமைச்சர் தம் மூதாட்டியைத் தேடி வரவேண்டிய ஊர் நம் உடுவில்!

அப்படியானால் நம்மவர் தேடவேண்டியது எதை? அமெரிக்கப் பெயருக்குள் மறைந்துபோன தமிழ்ப் பெயரையே. மிஷன் சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் ஹாவாட் பல்கலைக்கழகத்து நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. நம்மிடமிருந்தவையோ பெரும்பாலும் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 1995 இடப்பெயர்வில் வீடுவீடாக எத்தனை பெட்டகங்கள் கைவிடப்பட்டன என்பதை யார் கணக்கிட்டார்?

அவ்விடப்பெயர்வின்போது என் தாயார் நகையை மறந்தார். காணி உறுதிகள் இருந்த துணிப்பையை மறந்தாரல்லர். மழையில் நனையாமல் மார்போடணைத்துத் தென்மராட்சிவரை அதைக் கொண்டுசென்றார். மருமகனின் கடிதம் வந்தபின் அப்பையை அவிழ்த்து, கறையான் தின்றது போக எஞ்சிய உறுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பனங்காணித் துண்டொன்றின் பழைய உறுதியிலே நொத்தாரிசு மூதாதையின் அமெரிக்கப் பெயரை எழுதி, அதனையடுத்து அவர் பிறப்பில் பெற்ற பெயரையும் தந்தை பெயரையும் குறித்திருந்தார். கீழே கைச்சாத்து இருந்தது. அது தமிழெழுத்தில், தாய் தந்தையர் இட்ட பெயராலேயே இடப்பட்டிருந்தது.

நெடுநேரம் அக்கைச்சாத்தைப் பார்த்திருந்தேன். பிறர் பணத்திற் படித்தவர். அந்நன்றியை மறவாது அவர்கள் தந்த பெயரையும் பேணினார். தம் சொந்த மண்ணுக்குக் கையெழுத்திட நேர்ந்தபோதோ தாய் அழைத்த பெயரை எழுதினார். இரண்டும் அவருடையவையே. ஒன்றை மாத்திரம் நினைவில் வைத்து மற்றதை மறந்தது அவர் பிழையன்று. வழிவந்த நம் பிழை.

"நமக்கு அமெரிக்கப் பாட்டன் இல்லை, அமெரிக்கர் ஒருவருக்குக் கடன்பட்ட தமிழ்ப் பாட்டன் உண்டு" என்று மருமகனுக்குப் பதில் எழுதினேன். பின்னர் வேதாகமத்தை எடுத்து, முதலேட்டில் அந்தப் பெயருக்கருகே விடுபட்டுக் கிடந்த தமிழ்ப் பெயரையும் எழுதிவைத்தேன்.