கெத்துக்குத் தார், காட்டுக்கு ஜீப்பு

விடிகாலை ஐந்தரை மணிக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் விலக்கில் நின்றாலும் ஜீப்புச் சத்தம் கேட்கும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஊர் ஊராகக் கிளம்பி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற வண்டிகள் அவை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, மடியில் தூக்குவாளி. பின்பக்கம் எதிரெதிரே போட்ட இரண்டு பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது சாயும் நேரத்தில் அதே வண்டி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும்.

அப்படி ஓர் ஊரான ராயப்பன்பட்டி, இந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரம். முதுகுப்பக்கம் மேகமலை, அடிவாரத்தில் சண்முகாநதி அணை, ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். கமாண்டர், மேஜர், மார்ஷல் என்று மஹிந்திரா கம்பெனி எந்தப் பெயரை ஒட்டி அனுப்பியிருந்தாலும் இங்கே எல்லாமே ஜீப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை சாலையின் முகம் மாறுகிறது. சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் போகிற கூட்டத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் மஹிந்திரா தார்கள் வந்து சேர்கின்றன. கம்பெனி பெயர் வைத்தது ராஜஸ்தான் பாலைவனத்தை நினைத்து. வாழை விளையும் இந்த மண்ணில் தார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாழைத்தார், அடுத்தது தார் ரோடு. மூன்றாவதாக இப்போது இந்த வண்டியும் சேர்ந்திருக்கிறது.

பழைய ஜீப்புக்கும் புதிய தாருக்கும் முகச்சாயல் அப்படியே ஒட்டும். நிமிர்ந்த மூக்கு, வட்ட விளக்கு, தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் சக்கரக் கவசம். தாத்தாவின் முகம் பேரனுக்கு வந்திருப்பது தற்செயல் இல்லை. வரைந்து, அளந்து, திட்டமிட்டுக் கொண்டுவரப்பட்டது. பழைய வண்டியின் முகத்தைப் புதிய இயந்திரத்துக்கு மாட்டி விற்கும் இந்தத் தொழிலைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு தன் மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. நீண்ட முன்பக்கம், குட்டையான பின்பக்கம், சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர் கைக்கு எட்டும் விலை. முதல் ஓராண்டுக்குள் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. செவ்ரோலே கமரோ, டாட்ஜ் சேலஞ்சர் என்று போட்டியாளர்கள் வரிசைகட்டினார்கள். சாதாரணக் காருக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்த இந்த வகைக்கு 'மசில் கார்' என்று பெயர் வந்தது. முண்டா முறுக்கும் கார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முறுக்கு நெடுநாள் நிற்கவில்லை. 1970-ன் காற்று மாசுச் சட்டம் ஒரு பக்கம், எகிறிய காப்பீட்டுக் கட்டணம் இன்னொரு பக்கம், 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை கடைசி அடி. சேலஞ்சர் 1974-ல் நின்றுபோனது. மஸ்டாங் உடம்பைக் குறைத்துக்கொண்டு 'மஸ்டாங் 2' ஆனது. வந்த புதிதில் அதில் எட்டு சிலிண்டர் எஞ்சினே கிடையாது.

முப்பது வருஷம் கழித்து, அறுபதுகளில் அந்தக் கார்களைச் சுவரொட்டியில் பார்த்து ஏங்கிய பையன்கள் கையில் காசு புழங்கத் தொடங்கியது. 2005 மாடல் மஸ்டாங் அறுபதுகளின் முகத்தோடு வந்தது. 2008-ல் சேலஞ்சர், 2009-ல் கமரோ. பழைய சேலஞ்சரின் உச்சபட்ச எஞ்சினுக்கு 425 குதிரைத்திறன் என்று கணக்கு. 2023-ல் வந்த அதன் கடைசி வகையான டீமன் 170, எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறன் தந்தது. அதோடு சேலஞ்சரும் கமரோவும் உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. டாட்ஜ் 2024-ல் 'சார்ஜர்' என்ற தன் காரை மின்சாரத்தில் ஓடும்படி கொண்டுவந்து, பழைய உறுமலை ஒலிபெருக்கி வழியே கேட்க வைத்தது. மஸ்டாங் மட்டும் இன்னும் ஓடுகிறது. 2016-ல் அது இந்தியாவுக்கும் வந்தபோது விலை 65 லட்ச ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1974 மாடல் மஸ்டாங் 2 முதல் ஆண்டில் ஏறக்குறைய 3 லட்சத்து 86 ஆயிரம் விற்றது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களைக் காப்பாற்றிய வண்டி அது. அந்த முகத்தை யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. ஒரு திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோ மேட்டில் பறக்கவிட்ட 1968 மஸ்டாங்தான் மறுபடி மறுபடி பிறக்கிறது. பழையதில் எது விற்குமோ அது மட்டும் உயிர்த்தெழும்.

சென்னையிலும் இதே கதைதான். 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட், 2009-ல் 'கிளாசிக்' என்ற பெயரில் ஐம்பதுகளின் தோற்றத்தோடு வந்து கம்பெனியின் தலையெழுத்தையே மாற்றியது. கியர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறிவிட்டது, வார்ப்பிரும்பு எஞ்சின் போய்விட்டது, 'டப் டப்' சத்தம் மெலிந்துவிட்டது என்று பழைய ஆட்கள் புலம்பினாலும் விற்பனை நிற்கவில்லை. அதே என்ஃபீல்டு ஒரு காலத்தில் 'டாரஸ்' என்று 325 சி.சி. டீசல் பைக் விற்றது. அதிர்வும் புகையுமாக, வேகமே இல்லாமல், எரிபொருள் சிக்கனத்துக்காக மட்டுமே வாங்கப்பட்ட வண்டி. உழைப்பாளிகளின் அந்த வண்டிக்கு மறுபிறவி வாய்க்கவில்லை.

ஜீப்பின் கதை இவற்றைவிடச் சிக்கலானது. காரணம், இந்தியாவில் அது சாகவே இல்லை.

1940-ல் அமெரிக்க ராணுவம் இலகுவான நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டு 135 கம்பெனிகளுக்கு எழுதியது. பான்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியை ஒப்படைத்தது. ஆர்டரின் பெரும் பங்கு ஒஹையோ மாநிலத்தின் வில்லிஸ் ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் போனது. 60 குதிரைத்திறன் எஞ்சின், மடக்கும் கண்ணாடி, படுதாக் கூரை. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் வெளிவந்தன.

போர் ஓய்ந்த கையோடு, 1945 அக்டோபர் 2 அன்று 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற கம்பெனி தொடங்கியது. பங்காளிகளில் ஒருவரான குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் பெயர்ப்பலகையில் இரண்டு பக்கமும் மஹிந்திராவே ஆனது. பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய கம்பெனி, பிறகு 'சிஜே 3பி' என்ற உயரமான மூக்கு கொண்ட மாடலை உரிமம் பெற்றுத் தானே தயாரித்தது. அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன அந்த உருவம், இங்கே பியூஜோ வடிவமைத்த டீசல் எஞ்சினை ஏற்றுக்கொண்டும், நீளம் கூட்டியும் குறைத்தும், பெயரை மாற்றியும் 2010 வரை பட்டறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

தமிழ்நாட்டு நினைவில் இந்த வண்டிக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒன்று அதிகாரத்தின் முகம். தாசில்தார் வந்தது ஜீப்பில், வனத்துறை வந்தது ஜீப்பில், ஓட்டுக் கேட்டு வேட்பாளர் நின்றது திறந்த ஜீப்பில். சினிமாவில் எல்லா அடிதடியும் முடிந்த பிறகு வந்து நிற்குமே, அந்தப் போலீஸ் ஜீப்பும் இதுதான். மற்றது, அரசாங்கம் கழித்துப்போட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, பலகை அடித்து, ஆளும் சரக்கும் ஏற்றிய மலையடிவாரத்தின் முகம்.

2010-ல் முதல் தார் வந்தபோது இரண்டு முகமும் அதில் ஒட்டியிருந்தன. பின்னால் பக்கவாட்டுப் பலகையும் படுதாவும் இருந்தன. சன்னல் மூடினாலும் மழை உள்ளே வரும். 2019-ல் விடைபெறும் பதிப்பாக 700 வண்டிகளை மட்டும் செய்து அதை முடித்தார்கள். பாரத் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான புகை விதி அடுத்த ஆண்டு, 2020 ஏப்ரலில், நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த புதிய தார் முற்றிலும் வேறு வண்டி. தொடுதிரை, ஆட்டோமேட்டிக் கியர், டீசலில் 130 குதிரைத்திறன், பெட்ரோலில் 150. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம். தொடக்கப் பட்டியலில் பக்கவாட்டு இருக்கையோடு ஆறு பேர் உட்காரும் வகை ஒன்றும் இருந்தது. விரைவிலேயே அதை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது முன்னோக்கிப் பார்க்கும் நான்கு இருக்கை. பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான முடிவுதான். ஏலத்தோட்டத்து ஜீப்பின் கடைசி அடையாளம் அதோடு கழன்றது.

அதிகாரத்தின் முகம் மட்டும் தங்கியது. சென்னை, கோவை இளைஞர்கள் இதைச் சொல்லக் கையாளும் சொல் 'கெத்து'. 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் குறைந்த விலையில் வந்தது. முன்சக்கரம் இழுக்காத ஜீப்பு என்பது பழைய டிரைவர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள். வாங்குகிறவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்து கதவு கொண்ட தார் ராக்ஸுக்கு 2024 அக்டோபர் 3 அன்று முன்பதிவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிந்தார்கள். ஆறுகளைத் தாண்டவோ சேற்றில் இறங்கவோ அத்தனை பேருக்கும் வேலை இருந்திருக்காது.

உழைப்பின் முகத்தை மஹிந்திரா அடியோடு மறந்தது என்றும் சொல்ல முடியாது. 2018-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆபர்ன் ஹில்ஸ் என்ற ஊரில் 'ராக்ஸர்' என்ற வண்டியை அது தயாரிக்கத் தொடங்கியது. பழைய சிஜே உருவம், 62 குதிரைத்திறன் டீசல், பொதுச்சாலையில் ஓட்டுவதற்கில்லை. பண்ணைக்கும் காட்டுக்கும் மட்டும். வேடிக்கை என்னவென்றால், ஜீப் என்ற வணிகப்பெயரைக் கைமாறிக் கைமாறி வந்து வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லரின் அமெரிக்கத் தலைமையகமும் அதே ஊர்தான். சேலஞ்சரை உயிர்ப்பித்த அதே கம்பெனி, தன் ஜீப்பின் முகத்தைத் திருடிவிட்டதாக அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2020-ல் ஆணையம் அந்த உருவத்துக்குத் தடை போட்டது. மூக்கை மாற்றி வரைந்த பிறகே ராக்ஸர் தப்பியது. ஆஸ்திரேலியாவிலும் தாருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றம் போனார்கள். பல பத்தாண்டுகள் உரிமத்தோடு செய்த உருவம் யாருக்குச் சொந்தம் என்பது வழக்கறிஞர்களுக்கு நல்ல வரும்படி.

கம்பத்துப் பட்டறைகளில் இந்த வழக்கு யாரையும் தொடவில்லை. அங்கே கவலை வேறு. பழைய ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் ரோட்டோரத்திலேயே மாற்றலாம். தகடு துருப்பிடித்தால் வெட்டியெடுத்து வேறு தகடு பற்றவைத்து டிங்கர் வேலை பார்க்கலாம். எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் இல்லை என்பதால் காதில் கேட்டே கோளாறைச் சொல்லிவிடலாம். புதிய தாருக்கு மெக்கானிக்கின் காது போதாது, மடிக்கணினி வேண்டும். பழைய வண்டிக்கோ வயது ஏற ஏறச் சட்டம் இறுகுகிறது. 15 வருஷம் கடந்த காரை மறுபதிவு செய்யும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது.

இந்த ஜீப்புப் பயணத்தை மெச்சிப் பேசுவதிலும் ஓர் எல்லை வேண்டும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும், கொண்டையூசி வளைவுகளில் நேரும் விபத்துகளும், இரு மாநில அதிகாரிகளின் சோதனைகளும் இங்கே பழகிப்போன செய்திகள். பெல்ட் கிடையாது, காற்றுப்பை கிடையாது. நினைவுக்காக வாங்கப்படும் வண்டிக்கு நான்கு நட்சத்திரப் பாதுகாப்பு; தினம் மலையேறி இறங்கும் கூலிப் பெண்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஆனாலும் அந்த வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைபட்டபோதும், 2020 ஊரடங்கின்போதும் ஜீப்புகள் நின்றன. அங்கே ஏலக்காய் எடுக்க ஆளில்லை, இங்கே அடுப்பெரியக் கூலி இல்லை.

போடிக்கு மேலே கொழுக்குமலை இருக்கிறது. சுமார் 7,900 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டம். இருப்பது தேனி மாவட்டம், வண்டிப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் சூரியோதயம் காட்ட ஏறுபவை உள்ளூர் வாடகை ஜீப்புகள். அவற்றில் பல, பழைய கமாண்டரும் மேஜரும்தான். தாரில் வந்து இறங்குகிறவர்கள்கூட அதிகாலை நாலு மணிக்கு அதைச் சூரியநெல்லியில் பூட்டி நிறுத்திவிட்டு, ஜீப்பின் பின்பலகையில் ஏறி முழங்கால் இடிக்க உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.