தொட்டிலும் கரும்பலகையும்

ஒரகடம் என்ற பெயரைக் கேட்டதும் இக்காலத்தவருக்கு மோட்டார் வண்டிகளே நினைவுக்கு வரும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையில் 2010-ஆம் வருஷத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் டைம்லர் கம்பெனியாரின் பாரத்பென்ஸ் லாரிகள், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களும், ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிட்டவர்களும் நடந்து பழகிய பாதையில் இன்று இரவு பகல் என்ற பேதமின்றிக் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. இப்படிப்பட்ட இடத்தை 'எட்டாத ஊர்' என்று சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள்.

நகைப்பதற்கு முன்பு, அந்தச் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கும் ஆரம்பப் பாடசாலை ஒன்றில், கைக்குழந்தையுள்ள உபாத்தியாயினி ஒருத்தியின் தினசரி வாழ்வை மனத்தில் நிறுத்திப் பார்க்கும்படி வேண்டுகிறேன். முன்னாளில் கிராமத்து உபாத்தியாயர் கிராமத்திலேயே குடியிருந்தார். இன்று தொழிற்சாலைப் பகுதியில் அது எளிதன்று. வெளியூரிலிருந்தும் வெளி மாகாணங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கு அறையைத் 'தலைக்கு இவ்வளவு' என்று வாடகைக்கு விடும் வழக்கம் பரவிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து கொடுக்கும் வாடகையை ஒரு குடும்பம் எப்படிக் கொடுக்க முடியும்? ஆகவே உபாத்தியாயினி செங்கற்பட்டிலோ தாம்பரத்திலோ காஞ்சீபுரத்திலோ வீடு எடுத்துக்கொள்கிறாள். தொழிற்சாலை பஸ்கள் வரிசை வரிசையாகப் போகின்றன. அவை அவளுக்காக நிற்பதில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உபகாரந்தான். டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம். பஸ் வரவேண்டும், அவ்வளவே!

காலையில் வீட்டைவிட்டு இறங்கியவள் மாலையில் திரும்பும்வரை எட்டு ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். சிசுவுக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதன் பிறகும் இரண்டு வயது வரையில் மற்ற ஆகாரத்தோடு தாய்ப்பாலும் தொடரவேண்டும் என்கிறது. பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகலாமே என்பார்கள். சாதாரண அறை உஷ்ணத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கலாகாது என்பது டாக்டர்களின் எச்சரிக்கை. நம் சித்திரை வெயிலில் அந்த நாலு மணியையும் நம்புவதற்கில்லை. குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும், அதிலிருந்து எடுத்துப் புகட்ட நம்பிக்கையான கை ஒன்று வேண்டும். மாமியாரோ தாயாரோ ஊரைவிட்டு வந்து கூட இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தமிழ்நாட்டில் பெண்கள் கல்விக்கு அஸ்திவாரம் போட்ட காலத்தில் இந்தக் கேள்வி எழவேயில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாள் 1912-ல் சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் ஏற்படுத்தி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். அந்த அம்மையாரின் தொண்டுக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தலைமுறை உபாத்தியாயினிகளில் பலருக்கு வீட்டில் தொட்டில் கிடையாது. பிற்காலத்தில் சுமங்கலிகளும் தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் இந்த வேலைக்கு வந்தார்கள். பாடசாலை மணியும் வருகைப் பதிவேடும் மட்டும் பழைய கணக்கிலேயே இருந்துவிட்டன.

தாய்க்கு ரஜா என்பது நம் தேசத்தில் புதிய எண்ணம் அன்று. பம்பாய் மாகாணத்தில் 1929-லேயே பிரசவ உதவிச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய வருஷத்தில் அந்த மசோதாவை ஆதரித்துச் சட்டசபையில் பேசியவர்களில் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். சுதந்திரத்திற்குப் பிறகு 1961-ல் தேசம் முழுவதற்கும் பொதுவான சட்டம் ஏற்பட்டது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் ரஜா என்று ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சர்க்கார் தன்னுடைய ஊழியர்கள் விஷயத்தில் இதையும் தாண்டிப் போயிருக்கிறது. தொண்ணூறு நாளாக இருந்த ரஜாவை 2011-ல் ஆறு மாதமாகவும், 2016-ல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்த்திற்று. புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு அந்த ரஜாக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வோம் என்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிப்பு வந்தது. பாராட்டவேண்டிய காரியங்கள் இவை. தனியார் பாடசாலைகளில் சில இடங்களில் ரஜா விண்ணப்பத்திற்குப் பதில் ராஜிநாமாக் கடிதமே எழுதி வாங்கப்படுகிறது என்பதை நினைக்கும்போது சர்க்கார் உத்தியோகத்தின் அருமை இன்னும் விளங்கும்.

ஆனாலும் காகிதத்தில் இருக்கும் உரிமை கைக்கு வந்து சேர்வதற்கு எத்தனை தூரம் என்பதை, தருமபுரி ஜில்லாவில் ஓர் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியைக்கு நேர்ந்தது காட்டும். அவர் முதல் விவாகத்தில் இரண்டு குழந்தைகளைப் பெற்றவர். அவ்விருவரும் பிறந்தது அவர் 2012-ல் வேலையில் சேர்வதற்கு முன்னால். விவாகம் ரத்தாயிற்று, குழந்தைகள் தகப்பனாரின் பொறுப்பில் இருந்தார்கள். 2018-ல் மறு விவாகம் செய்துகொண்டார். கர்ப்பமுற்று, 2021 ஆகஸ்டு முதல் 2022 மே வரையில் பிரசவ ரஜா கேட்டார். உயிருடனிருக்கும் இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கே ரஜா என்ற விதியைக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். சென்னை ஹைகோர்ட்டில் தனி நீதிபதி ஆசிரியைக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தார். சர்க்கார் அப்பீல் செய்தது. இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை 2022 செப்டம்பரில் மாற்றிவிட்டது.

பிறகு வழக்கு டில்லிக்குச் சென்றது. 2025 மே 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும் ஆசிரியையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஜனத்தொகையை மட்டுப்படுத்தும் நோக்கமும் தாய்க்கு உதவி செய்யும் நோக்கமும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல என்றும், பிரசவ ரஜா என்பது தாய்மைக்கான உரிமைகளில் அடங்கியது என்றும் அத்தீர்ப்புக் கூறியது. சேரவேண்டிய பயன்களை இரண்டு மாதத்திற்குள் வழங்கவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் குழந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. தீர்ப்பு வந்தபோது அதற்கு மூன்று வயது கடந்துவிட்டது!

இந்த விஷயத்தில் சர்க்காரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ரஜாவுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் குழந்தைகளே. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை படிக்கும் ஆரம்பப் பாடசாலைக்கு இரண்டு உபாத்தியாயர்கள். ஒருவர் ஒரு வருஷம் ரஜாவில் போனால், மாற்று ஆள் வராதவரையில், ஐந்து வகுப்புகளையும் மற்றவர் ஒருவரே கட்டி மேய்க்கவேண்டும். அவரே மதிய உணவுக் கணக்கையும் பார்க்கவேண்டும், மேலதிகாரி கேட்கும் புள்ளி விவரத்தையும் அனுப்பவேண்டும். ஒரகடத்துப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரியாவும் ஹிந்தியும் பேசும் பிள்ளைகள் தமிழ் எழுத்தை முதன்முதலாக எழுதிப் பழகுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வருஷம் தவறினால் அது சின்ன நஷ்டமா? அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள், "டீச்சர் எப்போது வருவார்கள்?" என்று கேட்கிறார்கள். உபாத்தியாயினிக்கு அது அன்பாகவும் படுகிறது, குற்றச்சாட்டாகவும் படுகிறது. பச்சை உடம்போடு பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பவள் மனத்தில் இந்தப் பாரத்தை ஏற்றி வைத்தவர்கள் யார்? ரஜாவை அனுமதிக்கும் அதே உத்தரவில் மாற்று உபாத்தியாயரின் நியமனமும் இருந்துவிட்டால், அந்தக் கேள்வியே எழாது.

ரஜா முடிந்த பிறகுதான் உண்மையான சங்கடம் ஆரம்பமாகிறது. சட்டத் தொகுப்பில், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்கு நாளுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்று இருக்கிறது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள ஸ்தாபனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும். தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரலாம். இரண்டு பேர் வேலை செய்யும் கிராமப் பாடசாலைக்கு இந்த ஐம்பது என்ற எண் எந்த ஜன்மத்தில் எட்டும்? பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. அங்கே பகலெல்லாம் உட்காரவைத்துக் கவனிப்பது இரண்டு வயது நிறைந்த குழந்தைகளை. அதற்குக் குறைந்த சிசுக்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவிலுள்ள குழந்தை எங்கே போவது என்பதற்குப் பதிலில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவதற்கு மத்திய சர்க்கார் 2022-ல் 'பால்னா' என்ற திட்டத்தை வகுத்தது. பால்னா என்றால் ஹிந்தியில் தொட்டில். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலைப் பகுதிக் கிராமங்களைக் காட்டிலும் அதற்குத் தகுந்த இடம் வேறு எது?

இந்தப் பிரதேசத்தில் பெரிய காரியங்கள் செய்ய முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே வருஷம் ஜூன் மாதத்தில், இதே பக்கத்துக் கைத்தொலைபேசி ஆலை ஒன்றில் மணமான ஸ்திரீகளை வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தி வெளிவந்து, மத்தியத் தொழிலாளர் இலாகா தமிழ்நாட்டுச் சர்க்காரிடம் அறிக்கை கேட்டதும் வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். பதினெட்டாயிரம் கட்டில்களுக்கு வழி கண்டவர்களுக்குப் பத்துத் தொட்டில்களுக்கு வழி காண்பது கடினமா?

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடவேண்டும். அந்தப் பணத்தில் பள்ளிச் சுவர்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள். மின்சாரப் பலகை மாட்டுகிறார்கள். திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, நாலைந்து கிராமப் பாடசாலைகளுக்கு மத்தியில் ஓர் அறை எடுக்கலாம். உள்ளூரிலேயே குழந்தை வளர்த்துப் பழகிய அம்மாள் இருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர்களுக்குக் கொஞ்சம் வைத்தியப் பயிற்சியும் கொடுக்கலாம். உத்தரத்திலிருந்து தூளி கட்டப் பழைய புடவை போதும். உபாத்தியாயினியின் குழந்தையும், கம்பெனியில் வேலை செய்பவளின் குழந்தையும், பக்கத்து வயலில் நடவு நடுபவளின் குழந்தையும் அங்கே ஒன்றாகத் தூங்கட்டும். மத்தியான மணி அடித்ததும் ஐந்து நிமிஷ நடையில் தாய் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும்.