டீ இலையில் உருவான 'குவாண்டம் டாட்': கேன்சர் செல்லை ஒளிர வைத்தது எப்படி? டீ குடித்தால் பலன் உண்டா?

பாரிவாக்கம் சந்திப்பில் ஆவடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு டீ குடிக்காதவர்கள் குறைவு. அந்த டீ இலையின் சாற்றைப் பயன்படுத்தி, கேன்சர் செல்லை ஒளிர வைக்கும் நானோ துகள்களை விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

குவாண்டம் டாட் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, ஒளிரும் குறைக்கடத்தித் துகள். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இதன் அளவு. புற ஊதா ஒளி பட்டதும் பளிச்சென ஒளிரும். ஒரே பொருள்தான், ஆனால் அளவு மாறினால் நிறமும் மாறும். சின்னது நீலமாகவும் கொஞ்சம் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். வீட்டு கியூஎல்இடி டிவியில் இருப்பதும் இதே தொழில்நுட்பம்தான். இதற்காக மௌங்கி பவெண்டி, லூயிஸ் ப்ரூஸ், அலெக்ஸி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கேன்சர் செல்லை எப்படிக் கண்டுபிடிக்கும்?

கேன்சர் செல்லின் மேற்பரப்பில் சில புரதங்கள் வழக்கத்தை விட அதிகமாக இருக்கும். அவற்றை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை இந்தத் துகளோடு இணைத்து விடுவார்கள். ஆன்டிபாடி செல்லில் ஒட்டியதும், அந்த இடம் மைக்ராஸ்கோப்பில் ஒளிரும். சாதாரண சாயம் சீக்கிரம் மங்கிவிடும். இது அவ்வளவு சீக்கிரம் மங்காது. 2004-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு, உயிருள்ள எலியின் உடலில் இருந்த புராஸ்டேட் கேன்சர் கட்டியையே இப்படி ஒளிர வைத்துக் காட்டியது.

தமிழ்நாட்டின் பங்கு என்ன?

பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுதாகர் பிச்சைமுத்து தலைமையிலான குழுவும், திருச்செங்கோடு கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காட்மியம், சல்ஃபர் உப்புகளோடு டீ இலைச் சாற்றைச் சேர்த்து இந்தத் துகள்களைத் தயாரித்தார்கள். செலவும் நச்சுத்தன்மையும் குறையும் என்பதுதான் டீ இலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம். செல்களைப் படம் பிடிக்க முடியுமா என்று பார்க்கப் போனவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. துகள்கள் நுரையீரல் கேன்சர் செல்லுக்குள் நுழைந்து, 80 சதவீதம் வரை அழித்தன.

அப்போ டீ குடித்தால் கேன்சர் போயிடுமா?

போகாது. நாம் குடிக்கும் டீயில் குவாண்டம் டாட் கிடையாது. அது ஆய்வகத்தில் தயாரிக்கப்படுவது. சோதனை நடந்ததும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில்தான், நோயாளிகளிடம் அல்ல. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காட்மியம் நச்சு உலோகம். உடலுக்குள் செலுத்தினால் அது எங்கே தங்கும், எப்படி வெளியேறும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இதைச் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியாது. அதனால்தான் காட்மியம் இல்லாத துகள்களையும் ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

'டீயே மருந்து' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால், அதை நம்பி டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தப்போக்கு போன்றவை இருந்தால் உடனே பரிசோதனை அவசியம். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் கேன்சருக்கான முதல்கட்டப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். சந்தேகம் இருந்தால் பயாப்சி எடுத்து உறுதி செய்வார்கள். குவாண்டம் டாட் ஆஸ்பத்திரிக்கு வரும் வரை நம்மைக் காப்பாற்றப்போவது இந்தப் பரிசோதனைதான்.