சக்கரத் தடுப்புக் கட்டை

சக்கரத் தடுப்புக் கட்டை என்பது, நிறுத்துமிடத்தில் கார் எதுவரை வரலாம் என்பதை ஓட்டுநருக்கு உணர்த்துவதற்காகத் தரையில் பொருத்தப்படும் தாழ்வான கட்டை ஆகும். பேச்சுவழக்கில் இதனை வீல் ஸ்டாப்பர் என்பர். கடைகள், அலுவலகங்கள், மருத்துவமனைகள் முதலியவற்றின் வளாகங்களில் இது பயன்படுகிறது. சக்கரம் கட்டையில் மெல்ல முட்டியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடுவார். ஆனால் காரைத் தடுக்கும் அதே கட்டை, நடந்து செல்பவரின் காலையும் இடறிவிடக்கூடும். ஆகவே எந்தக் கட்டையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், அவ்விடத்தில் கட்டை தேவைதானா என்று பார்க்க வேண்டியுள்ளது.

பயனும் வரம்பும்

காரின் முன்பகுதி அதன் முன்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நடைபாதையை ஒட்டிக் கார் நிறுத்தப்பட்டால், அந்த நீட்சி நடைபாதையின் அகலத்தைக் குறைத்துவிடும். சக்கர நாற்காலியில் செல்வோருக்கு வழி அடைபடும். கட்டையைச் சற்றுப் பின்தள்ளிப் பொருத்தினால் இதைத் தவிர்க்கலாம். சுவர், குழாய், மின்பெட்டி ஆகியவற்றில் கார் உரசுவதையும் இது தடுக்கிறது.

எனினும் இது மோதலைத் தாங்கும் அரண் அன்று. பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரைத் தவறுதலாக மிதித்துவிட்டால், கார் கட்டையின் மீது ஏறிக் கடந்துவிடும். கண்ணாடி முகப்புள்ள கடைகள், மக்கள் வரிசையில் நிற்கும் வாசல்கள் போன்ற இடங்களுக்கு, தரையில் ஆழமாக ஊன்றிய எஃகுத் தடுப்புத் தூண்களே ஏற்றவை.

இடறும் ஆபத்து

நிறுத்திய இரு கார்களுக்கு இடையே நடந்து வருபவர் கடையின் பெயர்ப்பலகையையோ எதிரே வரும் வண்டியையோ பார்த்துக்கொண்டு வருவார். கணுக்கால் உயரத்தில் உள்ள கட்டை கண்ணில் படாமல் போகலாம். கார் இல்லாத வெற்றிடத்தைக் குறுக்கே கடப்பவருக்கும் இதே நிலைதான்.

பாதுகாப்பான நடைதளங்களுக்கான அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 1637 தரநிலை, கட்டைகளே தேவைப்படாதவாறு நிறுத்துமிடங்களை வடிவமைக்குமாறு பரிந்துரைக்கிறது. பயன்படுத்தினால், மக்கள் நடக்கக்கூடிய வழியில் அவை இருக்கக் கூடாது. சுற்றியுள்ள தளத்திலிருந்து நிறத்தால் வேறுபட்டுத் தெரிய வேண்டும். போதிய வெளிச்சமும் இருக்க வேண்டும். கட்டைகள் மக்களின் நடைவழியில் அமைவதைத் தவிர்க்குமாறு ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலை 2890.1-உம் கூறுகிறது.

அளவும் இடமும்

மேற்கூறிய அமெரிக்கத் தரநிலையின்படி கட்டையின் நீளம் 6 அடியையும் (1.83 மீ), உயரம் 165 மி.மீ.-ஐயும் தாண்டக் கூடாது. கட்டை நிறுத்துமிடத்தின் நடுவில் இருக்க வேண்டும், அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே குறைந்தது 3 அடி (0.91 மீ) வழி விட வேண்டும். 9 அடி அகலமுள்ள நிறுத்துமிடத்தின் நடுவில் 6 அடிக் கட்டையை வைத்தால் இருபுறமும் ஒன்றரை அடி மிஞ்சும். அடுத்த இடத்தின் ஒன்றரை அடியும் சேர்ந்து 3 அடி கிடைத்துவிடும். இரு இடங்களுக்குப் பொதுவாக ஒரே கட்டையைக் கோட்டின் மேல் வைத்தால் இந்த நடைவழி அடைபட்டுவிடும்.

ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலையில் உயரம் 90 முதல் 100 மி.மீ. வரை ஆகும். கட்டை இதைவிட உயர்ந்தால், தாழ்வான கார்களின் பம்பர் அதில் உரசும் வாய்ப்பு கூடும். மிகவும் தாழ்ந்தால் சக்கரம் எளிதில் ஏறிவிடும்.

பொருள்

காங்கிரீட் கட்டை விலை குறைந்தது, கனமானது, எளிதில் நகராதது. ஆனால் மோதல்களால் மூலைகள் உடையும். உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரியத் தொடங்கினால் அதுவே காயத்துக்குக் காரணமாகும். பழைய டயர்களிலிருந்து செய்யப்படும் ரப்பர் கட்டை எடை குறைந்தது. ஒருவரே தூக்கிப் பொருத்தலாம். அதில் மஞ்சள் பட்டைகள் பதிந்தே வருவதுண்டு. மறுசுழற்சி பிளாஸ்டிக் கட்டைகளும் எடை குறைந்தவை; பல நிறங்களில் கிடைக்கும்.

பொருத்துதலும் பராமரிப்பும்

தார்த் தளத்தில் நீண்ட எஃகு முளைகளும், காங்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட்டுகளும் பயன்படுகின்றன. பல அடுக்கு நிறுத்துமிடங்களில் துளையிடும் முன் பொறியாளரின் ஒப்புதல் தேவை. தளத்தின் உள்ளே இழுவிசையேற்றிய கம்பிகளோ நீர்க்கசிவைத் தடுக்கும் படலமோ இருந்தால் துளை அவற்றைச் சேதப்படுத்தும். அத்தகைய இடங்களில் பசை கொண்டு ஒட்டுவதும் உண்டு. பனி பொழியும் நாடுகளில், பனி அகற்றும் வண்டிகள் மோதாமலிருக்கக் குளிர்காலத்தில் கட்டைகளைக் கழற்றி வைப்பதுண்டு.

போல்ட் தளர்ந்த கட்டை திரும்பிக்கொண்டு நடைவழியில் நீட்டி நிற்கும். எனவே போல்ட்டின் இறுக்கம், வண்ணம், விரிசல் ஆகியவற்றை அவ்வப்போது சோதிக்க வேண்டும். கட்டையை அகற்றும்போது தரையில் முளைகள் நீட்டிக்கொண்டு நில்லாதவாறு அவற்றையும் பிடுங்கித் துளைகளை அடைத்துவிட வேண்டும்.