வைரசின் கொடிவழியும் நோய்த் தடுப்பும்

பழைய ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பிப்போர் கையாளும் முறையொன்றுண்டு. ஒரு நூலுக்குப் பல பிரதிகள் கிடைக்குமிடத்து, அவற்றிற் காணப்படும் பிழைகளையே துணையாகக் கொள்வர். ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டு ஏடுகளில் வருமாயின், அவை ஒரு தாயேட்டினின்றும் பெயர்த்தெழுதப்பட்டவை என ஊகிப்பர். எச்.ஐ.வி. வைரசின் பரவலை ஆராயும் மூலக்கூற்றுத் தொற்றுநோயியல் என்னுந் துறையும் இந்நியாயத்தின் மீதே நிற்கின்றது.

இவ்வைரசு மனிதனின் வெண்குருதிக் கலத்தினுட் புகுந்ததும், தன் ஆர்.என்.ஏ. வடிவத்தை டி.என்.ஏ. ஆகப் பெயர்த்தெழுதுகின்றது. அப்பணியைச் செய்யும் நொதியத்துக்குத் தன் பிழையைத் தானே திருத்தும் ஆற்றல் இல்லை. ஆதலால், ஏறத்தாழ 9,700 எழுத்துக்களாலான அச்சிறு நூலிற் பிழைகள் விரைந்து மலிகின்றன. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நோய் தொற்றிச் சிறிது காலமே சென்றிருப்பின், இருவருடைய வைரசுகளும் பெரிதும் ஒத்திருக்கும். காலஞ் செல்லச் செல்ல வேற்றுமை வளரும். நூறு எழுத்துக்களுக்கு ஒன்றரைக்கு மேற்படாத வேற்றுமையுடைய வைரசுகளை ஒரு கூட்டமாகக் கொள்வது ஆராய்ச்சியாளரிடையே பெருவழக்கு.

இதன்பொருட்டு நோயாளரிடம் புதிதாக இரத்தம் பெறவேண்டியதில்லை. மருந்து கொடுக்கத் தொடங்குமுன், எம்மருந்துக்கு வைரசு அடங்காது என்பதை அறிய அதன் பரம்பரையலகுகளிற் சிலவற்றை வைத்தியர் வாசிப்பிக்கின்றனர். சிகிச்சைக்கென எடுக்கப்பட்ட அவ்வாசிப்பே தடுப்பு வேலைக்கும் பயன்படுகின்றது. இவ்வசதியே பின்னர்ப் பெரியதொரு வழக்குக்கும் இடமாயிற்று.

கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் இம்முறையை நாளாந்தக் கருமமாக்கிய இடங்களுள் முதன்மையானது. வான்கூவரிலுள்ள எச்.ஐ.வி. ஆராய்ச்சி நிலையம், தன்னிடஞ் சேர்ந்த முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாசிப்புக்களைக் கணிப்பொறியிலிட்டு, புதிய வாசிப்பு வருந்தோறும் எக்கூட்டம் வளர்கின்றது என்பதைத் தானாகவே அறியும் ஒழுங்கொன்றை ஏற்படுத்தியது. 2014 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு கூட்டம் மூன்று மாத காலத்துள் 11 புதிய நோயாளரால் விரிவடைந்திருத்தல் தெரியவந்தது. அவருள் 8 பேரிடம் மருந்துக்கு அடங்காத வைரசு காணப்பட்டமை கவலையை மிகுவித்தது. மாகாணம் முழுவதற்குமான மொத்தத் தொகையை மட்டும் நோக்கியிருப்பின் இப்பதினொருவரும் அதனுள் மறைந்து போயிருப்பர். செய்தி உடனே சுகாதார உத்தியோகத்தர்க்கு எட்டியது. அவர்கள் அக்கூட்டத்தாரைத் தேடிச் சென்று சிகிச்சைக்கு வழிசெய்தனர். அதன்பின் அக்கூட்டத்திற் சேர்ந்த புதிய நோயாளருள் மருந்துக்கு அடங்காத வைரசு உடையோர் பெரிதுங் குறைந்தனர். ஒழுங்காக மருந்துண்டு, வைரசின் அளவு சோதனைக்குப் புலப்படாதவாறு தாழ்ந்திருப்பவரிடமிருந்து பாலுறவு வழியாக நோய் பரவுவதில்லையாதலின், ஈண்டுச் சிகிச்சையே தடுப்புமாகின்றது.

தென்னாபிரிக்காவிலே இம்முறை வேறொரு வினாவுக்கு விடை தந்தது. குவாசுலு-நத்தால் மாகாணத்தில் இளம்பெண்கள் மிகுதியாக நோயுறுவது ஏன் என்பதே அவ்வினா. 2017 இல் வெளிவந்த ஆய்வு, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களுடைய வைரசுகள் சராசரியாக 8.7 ஆண்டுகள் மூத்த ஆடவருடைய வைரசுகளுடன் இணைந்திருத்தலைக் காட்டியது. அவ்வாடவருட் பலருடைய வைரசுகளோ அவர்தம் வயதையொத்த பெண்களுடையவற்றோடும் இணைந்திருந்தன. இளம்பெண்களுக்கு அறிவுரை கூறுவதோடு அமைந்துவிடும் திட்டம் பாதித் திட்டமே என்பது இதனாற் பெறப்படும். வைத்தியசாலைப் பக்கம் எளிதில் வாராத நடுவயது ஆடவரைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் கொணர்தல் வேண்டும்.

எனினும், ஏட்டாராய்ச்சிக்குள்ள வரம்பு இதற்கும் உண்டு. இரண்டு ஏடுகள் ஒத்திருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதென்று முடிவு கட்டலாகாது. இரண்டுக்கும் மூலமான மூன்றாவது ஏடு அழிந்துபோயிருக்கலாம். அவ்வாறே, இருவருடைய வைரசுகள் ஒத்திருப்பினும் இடையே சோதிக்கப்படாத வேறொருவர் இருத்தல் கூடும். ஆகவே, இன்னார் இன்னாருக்கு நோயைக் கொடுத்தார் என்று இவ்வொற்றுமையை மாத்திரங் கொண்டு துணிதல் இயலாது. கூட்டம் எங்கே வளர்கின்றது என்பதை அறிவதற்கே இஃது உரிய கருவி.

நீதிமன்றத்திலே இவ்வேறுபாடு மறக்கப்படுமோ என்ற அச்சம் நோயாளரிடையே உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில், தமக்கு எச்.ஐ.வி. உண்டென்பதை மறைத்து உறவு கொள்வோரைத் தண்டிக்குஞ் சட்டங்கள் உள்ளன. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2018 இல், தன்னிடம் நிதிபெறும் சுகாதாரத் திணைக்களங்கள் யாவும் இக்கூட்டங்களைக் கண்டறிதல் வேண்டுமென விதித்தது. சிகிச்சைக்கெனக் கொடுத்த இரத்தத்தின் செய்தி தம்மைக் கேளாமலே வேறொரு வேலைக்குச் செல்வதை நோயாளர் சங்கங்கள் கண்டித்தன. இக்கண்டனத்தை அறிவியலறியாதார் கூற்றென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அஞ்சுபவர் சோதனைக்கு வாரார்; வாராதவருடைய வைரசு கொடிவழியில் இடம்பெறாது; அவ்விடைவெளியிலே நோய் ஒருவருமறியாமற் பரவும். 2022 ஒக்டோபரில் அந்நாட்டு அரசின் எயிட்ஸ் ஆலோசனை மன்றமும் நோயாளர் பக்கமுள்ள நியாயத்தை ஏற்று, அவர்தம் அறிந்த சம்மதத்துக்கு இடமளிக்குமாறு நிலையத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.